கூடாரம் அடித்த கதை

செஞ்சியில் பிறந்து வளர்ந்தவனிடம் போய்க் கூடாரத்தின் இன்பத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டாம். அந்த விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. ஔரங்கசீப் பாதுஷாவின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ஆம் ஆண்டில் எங்கள் கோட்டைக்கு எதிரே வந்து கூடாரம் அடித்தான். நாலு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று ஊரார் நினைத்திருப்பார்கள். அவன் காரியத்தை முடித்தது 1698-இல்! நடுவில் பாதுஷாவின் கடைசிப் புதல்வன் காம்பக்ஷும் வந்து சேர்ந்தான். கூடாரங்களில் நெருக்கியடித்து வாழ்கிறவர்களுக்குள் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கோட்டைக்குள் இருந்த ராஜாராமோடு இளவரசன் இரகசியமாகப் பேசுகிறான் என்று சொல்லி, தளபதியே இளவரசனைக் காவலில் வைத்துவிட்டான். அப்புறம் தானியம் கிடைக்கவில்லை, வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள், மறுபடி வந்தார்கள். கடைசியில் கோட்டை விழுந்தபோது, யாரைப் பிடிப்பதற்காக எட்டு வருஷம் கூடாரத்தில் கிடந்தார்களோ அந்த ராஜாராம் முன்பே தப்பிப் போய்விட்டிருந்தார்.

ஆகையால், சென்ற மார்கழியில் அரைப் பரீட்சை விடுமுறைக்கு முதுமலைக்குப் போவதென்று முடிவானதும், அக்காவின் பேரன் தபாலில் வரவழைத்த ஒரு நீலக் கூடாரத்தைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தபோது எனக்கு அவ்வளவாக உற்சாகம் பிறக்கவில்லை. அவனுக்கு வயது பதினொன்று. "சின்னத் தாத்தா, இதுல நாலு பேர் தாராளமாப் படுக்கலாம்" என்றான். அட்டைப் பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. படத்தில் இருந்த நாலு பேரும் வெள்ளைக்காரர்கள். காலை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் காலை நீட்டிக்கொண்டு சிரிப்பதில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி, எனக்கு இடுப்பு.

பிரயாணத்துக்குக் காரணமே அக்காதான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவள். வருஷம் தவறாமல் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போவாள். ராஜகிரி அடிவாரத்தில் களஞ்சியம், கல்யாண மகால், அப்புறம் யானைக்குளம். "இதுதான் யானைக்குளம். ராஜாக்கள் காலத்தில் யானைகள் இதில் குளிக்கும்" என்பாள். உடனே ஏதாவது ஒரு குழந்தை, "யானை எங்கே டீச்சர்?" என்று கேட்கும். "போயிடுச்சு" என்பாள் அக்கா. முப்பத்து நாலு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். சமீபத்தில், 2025 ஜூலையில், யுனெஸ்கோவார் மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம் பெற்றது எங்கள் செஞ்சி ஒன்றுதான். ஊரே குதூகலப்பட்டது. அக்கா மட்டும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "குளம் இருக்குது, மதில் இருக்குது, எல்லாம் இருக்குது. யானையைத்தான் நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

"கோயில் யானையைப் பார்த்ததில்லையா?"

"அது சங்கிலியில இருக்கிற யானைடா தம்பி. அது இருக்கிற இடத்துல போய் ஒருதடவை பார்க்கணும்."

இதை அவள் சாதாரணமாகச் சொல்லிவிடவில்லை. செஞ்சி வீட்டை விற்றுவிட்டு, பங்குனிக்குள் மகனோடு சென்னையில் போய் இருப்பதென்று பேச்சு முடிந்திருந்தது. ஒன்பதாவது மாடி. எழுபத்து நாலு வயதில் அவள் ஒன்று கேட்டதே அபூர்வம். "சரி, போகலாம்" என்று மகன் வேன் பேசினான். கூடவே மசினகுடிப் பக்கத்தில் ஒரு தனியார் விடுதிக்கு முன்பணமும் கட்டிவிட்டான். அங்கே புல்வெளியில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம், இரவில் தீ மூட்டி உட்காரலாம் என்று விளம்பரம். பேரன் கூடாரம் வாங்கியது அதனால்தான்.

பதினொரு பேர் ஏறினோம். செஞ்சியிலிருந்து தெப்பக்காடு 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புளிசாதம் ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, எங்கள் மண்ணில் விளைந்த வேர்க்கடலையை வறுத்து ஒரு பை. அக்கா தண்ணீருக்கு ஒரு எவர்சில்வர் கூஜா எடுத்துக்கொண்டாள். "இந்தக் காலத்தில் கூஜாவா?" என்று மருமகப் பெண்கள் சிரித்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் புட்டி அவர்கள் கையில் இருந்தது.

திருவண்ணாமலையில் வேனை நிறுத்தாமலே மலையைப் பார்த்துக் கும்பிட்டோம். செங்கம், ஊத்தங்கரை, அரூர் என்று போய், மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்கிச் சேலம் சேருவதற்குள் புளிசாதம் தீர்ந்துவிட்டது. கணவாயில் குரங்குகள் சாலையோரம் உட்கார்ந்திருந்தன. கோட்டைக் குரங்குகளோடு வளர்ந்த எங்களுக்கு அவற்றைப் பார்த்ததும் ஊர்க்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க் குரங்குகளின் சாமர்த்தியம் இவற்றுக்கு இல்லை. சேலத்துக்கு அப்புறம் நாலு வழிச் சாலை. நாலு வழிச் சாலையைப் பற்றி எழுத ஒன்றுமே கிடையாது. எல்லோரும் தூங்கினார்கள்.

அன்றிரவு அவிநாசியில் தங்கினோம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது விடுதியிலிருந்து மருமகனுக்கு டெலிபோன் வந்தது. அக்காவின் மகனை நான் மருமகன் என்றுதானே சொல்ல வேண்டும்? அவன் பேசிவிட்டு வந்து, முகமெல்லாம் மலர, "அம்மா, உனக்கு அதிர்ஷ்டம். ராத்திரியில் யானை கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வருமாம். அவர்களே சொல்கிறார்கள்" என்றான்.

அக்கா யோசித்தாள். "ஏன் அங்கே வருது?"

"அது அதோட வழியாம்."

"யானை போற வழியிலயா நாம போய்ப் படுக்கிறது?"

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

நீலகிரிக்கு வடக்கே, மலைச் சரிவின் அடியில் சீகூர் பீடபூமி இருக்கிறது. தெற்கே சுவர்போல மலை. வடக்கே மாயாற்றின் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குத் தண்ணீரையும் புல்லையும் தேடிப் போகிற யானைகள் மலையிலும் ஏற முடியாது, பள்ளத்திலும் இறங்க முடியாது. நடுவில் இருக்கிற அந்தக் குறுகலான நிலத்தின் வழியாகத்தான் போய் வர வேண்டும். அந்த நிலத்தில்தான் விடுதிகள் முளைத்தன, வேலிகள் வந்தன, மின்சாரக் கம்பி வந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு அதை யானை வழித்தடம் என்று அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தன.

தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின் மேல் எரிகிற டயரை வீசிவிட்டார்கள். காதில் நெருப்போடு அது ஓடியதை யாரோ படம் பிடித்து, உலகமே பார்த்தது. சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்கு லாரியில் ஏற்றிப் போகும் வழியில் அது இறந்துபோயிற்று. அதே மாதத்தில், மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில், மேப்பாடிக்கு அருகே ஒரு விடுதிக் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றுவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.

மருமகன் கோபக்காரன் அல்ல; ஆனால் நியாயம் பேசுகிறவன். "மாமா, அங்கே சமையல் செய்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் எல்லாம் உள்ளூர் ஜனங்கள்தானே? விடுதியை மூடு என்று நீங்கள் சுலபமாகச் சொல்கிறீர்கள். அவர்கள் அடுப்பு எதில் எரியும்?" என்றான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தீர்ப்பு எழுதியவர்களுக்கும் அது சுலபமான கேள்வியாக இருந்திருக்காது. காட்டின் ஓரத்தில் தலைமுறையாக வாழ்கிறவனும், நேற்று வெளியூரிலிருந்து வந்து முப்பது அறை கட்டினவனும் ஒன்றல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னேன். "ஆனால் வேலைக்காரன் ஒருவனாகத்தானே இருக்கிறான்?" என்றான் மருமகன். அதுவும் வாஸ்தவம்.

பேச்சு இப்படியே பத்து மணி வரையில் போயிற்று. அக்கா அதுவரையில் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு, முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடம் நடத்திய அதே குரலில் சொன்னாள்: "நம்ம கோட்டைக்கு மூணு மலை, நடுவுல மதில். வாசலை அடைச்சுக்கிட்டு எட்டு வருஷம் உட்கார்ந்தான் ஜுல்பிகார் கான். முற்றுகைன்னு பேர். இதுவும் அதேதானேடா? நான் அங்கே வரலை. யானையைப் பார்க்காட்டியும் பரவாயில்லை."

அத்துடன் விவகாரம் முடிந்தது. முன்பணம் திரும்பி வராது என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். மருமகன் அதைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய மனைவி பேசினாள், அதுவும் மெதுவாக. நடு இரவு வரையில் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்து, யாரோ ரத்துச் செய்த இரண்டு அறைகளை வனத்துறை விடுதியில் பிடித்துவிட்டான். பதினொரு பேருக்கு இரண்டு அறை! பேரனுக்குத்தான் பரம சந்தோஷம். இனிமேல் கூடாரம் இல்லாமல் நடக்காதல்லவா?

மறுநாள் மேட்டுப்பாளையம் தாண்டியதும் சோதனைச் சாவடி. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குப் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமென்று ஏற்பாடாகியிருந்தது; அது எங்களிடம் தயாராக இருந்தது. ஆனால் அந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை. பத்துப் புட்டிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூஜாவைக் காவலர் தூக்கிப் பார்த்து, "இது சரியான சாமான் பாட்டி" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஊட்டி போய்ச் சேரும் வரையில் மருமகப் பெண்கள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோதெல்லாம் அக்கா மூடியில் ஊற்றிக் கொடுத்த தோரணை இருக்கிறதே, அதைப் படம் பிடிக்காமல் போனோமே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

ஊட்டியைப் பற்றி ஏராளமானவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் குளிரினால் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கியதும் காற்றே மாறியது. தொரப்பள்ளி தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தோம். முதுமலை 1940-இல் சரணாலயம் ஆயிற்று. 2007-இல் புலிகள் காப்பகம். எந்தப் பெயர் வைத்தாலும் முதல் பார்வைக்கு அது ஒரு காய்ந்த காடுதான். மூங்கில், தேக்கு, இரண்டுக்கும் கீழே எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடி. பூ அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த அந்தச் செடி புல் முளைக்க இடம் கொடுப்பதில்லை. புல் இல்லாவிட்டால் மானுக்கு ஏது ஆகாரம்? வேண்டாத விருந்தாளி சரணாலயத்திலும் இருக்கிறான் பாருங்கள்.

சாயங்காலம் தெப்பக்காட்டு முகாமில் வளர்ப்பு யானைகளுக்குத் தீனி கொடுப்பதைப் பார்த்தோம். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் சேர்த்துப் பெரிய உருண்டைகளாக உருட்டி, பாகன்கள் நேரே வாய்க்குள் வைக்கிறார்கள். இந்த முகாமில் தாயற்ற குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய படத்துக்குத்தான் 2023-இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கும்கி யானைகளுக்கு 58 வயதில் ஓய்வு உண்டென்று ஒரு பாகன் சொன்னதும் அக்காவின் முகம் மலர்ந்தது. "எனக்கும் ஐம்பத்தெட்டுலதான் கொடுத்தாங்க" என்றாள். அந்த யானைகளிடம் அவளுக்கு மரியாதை ஏற்பட்டுவிட்டது. ஆனாலும், "இதுங்க சர்க்கார் உத்தியோகத்துல இருக்குதுங்க. நான் பார்க்க வந்தது வேற" என்று காதோடு என்னிடம் சொன்னாள்.

வேற யானை முகாமில் இல்லை. மறுநாள் காலை வனத்துறை வண்டியில் சுற்றியபோதும் இல்லை. மான் கூட்டம், ஒரு காட்டெருமை, மயில், தூரத்தில் ஒரு செந்நாய். மூன்றாம் நாள் காலை ஊருக்குத் திரும்ப வேண்டும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதது எங்கள் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. விடுதிக்குப் போயிருந்தால் பார்த்திருக்கலாமே என்று மருமகன் நினைத்தான் என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

அன்று மாலை கூடலூர் வரைக்கும் மருந்து வாங்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் டிரைவர் தம்பி வண்டியை நிறுத்தி என்ஜினையும் அணைத்தான். ஒன்றும் பேசவில்லை, விரலை மட்டும் நீட்டினான்.

நாற்பது கஜ தூரத்தில் சாலையோரப் புதர் அசைந்தது. முதலில் ஒரு பெரிய பெண் யானை வெளியே வந்தது. சாலை நடுவில் நின்று, எங்களைப் பார்த்தபடி, காதை ஒரு தடவை விரித்தது. யாரும் மூச்சு விடவில்லை. பிறகு அது ஏதோ தீர்மானித்தது போல் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டது. அதன் மறைவில் மற்றவை கடந்தன. ஆறு, ஏழு, எட்டு. நடுவில் ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்குக் கீழே, ஓடவும் இல்லை நடக்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தினுசாகப் போயிற்று. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்புகள், கிளை முறிகிற ஓசை தவிர வேறு ஓசை இல்லாமல் போவதை நம்பவே முடியவில்லை. எங்கள் பின்னால் வந்து நின்ற கார் ஒன்றில் எவனோ ஹார்ன் அடித்தான். பெரிய யானை தலையைத் தூக்கிற்று. டிரைவர் தம்பி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அந்தக் காருக்கு ஒரு சைகை செய்தான். அது மரியாதையான சைகை அல்ல. ஹார்ன் நின்றது. கடைசி யானையும் போன பிறகு பெரியது ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கிப் போயிற்று. சாலையில் சாணம் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போன பிடி. வெகுநேரம் கழித்து, "இத்தனையும் இறங்கினா நம்ம யானைக்குளத்துத் தண்ணி போதாது" என்றாள்.

அன்றிரவு பேரன் கடைசி முயற்சி செய்தான். விடுதிக்கு முன்னால் இருந்த புல்தரையில் கூடாரம் அடிக்க அனுமதி கேட்டான். வனக்காவலர், "இருட்டினால் வாசற்படி தாண்டக்கூடாது தம்பி, கூடாரம் எல்லாம் கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டார். பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அறைக்குள் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் நீலக் கூடாரம் எழுந்தது. முளை அடிக்க முடியாததால் கயிறுகளைக் கட்டில் காலிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டினோம். உள்ளே படுத்தது யார் என்கிறீர்கள்? பேரனும் அக்காவும். முழங்கால் வலிக்காரி தவழ்ந்து உள்ளே போய், "கொசு இல்லைடா, நல்லா இருக்குது" என்று ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பதினைந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. ராத்திரி எதுவோ வெளியே மூங்கிலை ஒடித்தது. நான் விழித்திருந்தேன், அவர்கள் விழிக்கவில்லை.

விடிந்ததும் காவலர் வந்து கூப்பிட்டார். பையன் கூடாரம் அடிக்கக் கேட்ட அதே புல்தரையில், பனியில் நனைந்த மண்ணில், வட்டமாக ஒரு காலடி. பேரன் அதைப் பார்த்துவிட்டு, பிறகு கூடாரம் இருந்த அறையின் ஜன்னலைப் பார்த்தான்.

"உயரம் எவ்வளவு இருக்கும் தெரியுமா?" என்றார் காவலர். "முன்னங்கால் சுற்றளவை எடுத்து இரண்டு மடங்காக்கினால் அதுதான் தோள் உயரம்."

பேரன் ஓடிப்போய்க் கூடாரத்துக் கயிறு ஒன்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். காலடியின் விளிம்பைச் சுற்றிக் கயிற்றை வைத்து, இரண்டு மடங்கு அளந்து, ஒரு முடிச்சுப் போட்டார் காவலர். முழம் போட்டுப் பார்த்ததில் எட்டே கால் அடிக்கு மேல் இருந்தது. "முடிச்சை அவிழ்க்காதே" என்றாள் அக்கா.

செஞ்சிக்கு வந்த மறுநாள் அவள் அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டு வீட்டு நடைக்குப் போனாள். எங்கள் வாசற்கால் குனிந்து நுழைகிற வாசற்கால். பேரனை முக்காலியில் ஏற்றிக் கயிற்றைத் தரையிலிருந்து பிடிக்கச் சொன்னாள். முடிச்சு நிலையைத் தாண்டி, மாடத்தையும் தாண்டி, சுவரில் போய் நின்றது. அங்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடச் செய்தாள்.

பங்குனியில் வீடு கைமாறியது. வாங்கினவர் வெள்ளையடிக்க ஆள் விட்டபோது, அந்தக் கோடு எதற்கு என்று தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"யானை" என்றேன்.